அமர்வதற்கு ஒரு கல்



விடுதலைப் பயண நூலின் 17ஆம் அதிகாரம் எமக்குப் புதியதன்று. இரபிதீமில் அமலேக்கியரோடு போர் நிகழ்கின்றது. யோசுவா களத்தில் நிற்க, மோசே குன்றின் உச்சியில் கைகளை உயர்த்தி நிற்கின்றார். கைகள் உயர்ந்திருக்கும் வரை இஸ்ரயேலர் வெல்கின்றனர். அவை தளர்ந்ததும் பின்வாங்குகின்றனர். ஆரோனும் கூரும் இருபுறமும் நின்று கதிரவன் மறையும் வரை அக்கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். இடைவிடாத செபத்துக்கு எடுத்துக்காட்டாகவே இப்பகுதியை மறையுரைகளில் கேட்டு வந்திருக்கிறோம். ஆயினும் அதில் ஒரு சிறு செய்தியை நாம் பெரும்பாலும் கவனியாது கடந்துவிடுகிறோம். கைகளைத் தாங்குவதற்கு முன்னர் அவ்விருவரும் ஒரு கல்லைக் கொணர்ந்து வைத்து அதன்மேல் மோசேயை அமரச் செய்தார்கள். இறைவனோடு உரையாடும் மனிதருக்கும் கால் வலிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தம் வீட்டில் உளநோயுற்ற ஒருவரைப் பல்லாண்டுகளாகப் பராமரித்து வருவோரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்லே நினைவுக்கு வருகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பங்கில் நிகழ்ந்த ஓர் உரையாடலை இங்கு கூற வேண்டும். ஒக்டோபர் 10ஆம் திகதி உலக உளநல நாளாக 1992ஆம் ஆண்டு முதல் நினைவுகூரப்பட்டு வருகின்றது. அதே 1992இல்தான் திருத்தந்தை புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் லூர்து அன்னையின் திருவிழாவான பெப்ரவரி 11ஐ உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். பெப்ரவரியில் எமது ஆலயங்களில் நோயாளருக்கான திருப்பலி தவறாது நடைபெறுகின்றது. நடக்க இயலாதோர் முன்வரிசையில் அமர்த்தப்படுகின்றனர், நோயிற்பூசுதல் வழங்கப்படுகின்றது. ஆனால் அந்த முன்வரிசையில் உளநோயுற்றோரைக் காண்பது அரிது. அவர்களைப் பராமரிப்போரையும் அங்கு காண முடிவதில்லை. இக்குறையை உணர்ந்த பங்குத்தந்தை, ஒக்டோபர் 10ஐ அண்டி வரும் ஞாயிற்றுக்கிழமையைப் பராமரிப்போருக்கான நல்வாழ்வு நாளாகவும் நிதி சேகரிப்பு நாளாகவும் நடத்தலாம் என்று பங்கு மேய்ப்புப்பணிச் சபையில் முன்மொழிந்தார்.

சபை உற்சாகத்துடன் ஏற்றுக்கொண்டது. காலையில் திருப்பலி, அதன்பின் இலவச மருத்துவப் பரிசோதனை, உளவளத்துணையாளர் ஒருவரின் உரை, சிறுவர் விளையாட்டுகள், கயிறிழுத்தல், மதியம் கூழ், மாலையில் அதிர்ஷ்டலாபச் சீட்டுக் குலுக்கல் என நிரல் நீண்டது. முதற் பரிசு தையல் இயந்திரமா, துவிச்சக்கர வண்டியா என்பதில் மாத்திரம் அரைமணி நேரம் கழிந்தது. கூட்டம் முடிவடையும் வேளையில் பின்வரிசையில் இருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சகோதரி எழுந்து, "எல்லாம் நல்லது ஃபாதர். ஆனா அண்ணாவை ஆரிட்ட விட்டிட்டு நான் வாறது?" என்று கேட்டார்.

எவரும் பதில் கூறவில்லை. பராமரிப்போருக்கென நாம் வகுத்த நாளில் பராமரிப்போரால் பங்குகொள்ள முடியாது என்பதை அதுவரை எவரும் எண்ணிப்பார்த்திருக்கவில்லை.

அந்தச் சகோதரியை எமக்கெல்லாம் தெரியும். ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணித் திருப்பலிக்கு வருவார். கடைசி வாசலோரமாக நிற்பார். நற்கருணை உட்கொண்டதும் இறுதி ஆசீர் பெறாமலேயே புறப்பட்டுவிடுவார். திருப்பலி முடியுமுன் எழுந்து செல்வோரைப் பற்றி ஆலயத்தில் அறிவுறுத்தல் வந்தபோதெல்லாம் சிலர் திரும்பி அந்த வாசலை நோக்கியதுண்டு. நோக்கியவர்களுள் நானும் ஒருவன். தமையனார் கண்விழிக்குமுன் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காகவே அவர் அவ்வாறு ஓடினார் என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது.

வாசகர்களே, இத்தகைய வீடுகள் எம்மத்தியில் பல உள்ளன. போரும், இடப்பெயர்வும், காணாமற்போனோர் பற்றிய விடையற்ற காத்திருப்பும், 2004இன் ஆழிப்பேரலையும், 2019இன் உயிர்ப்பு ஞாயிறும் விட்டுச்சென்ற காயங்கள் ஒருபுறம். இவை எதுவுமின்றியே எந்நாட்டிலும் எக்குடும்பத்திலும் வரக்கூடிய மனச்சிதைவு, இருமுனைய உளநோய், ஆழ்ந்த மனச்சோர்வு என்பன மறுபுறம். முன்னொரு காலத்தில் கடும் உளநோய் என்றால் அங்கொடை என்பதே பொருளாக இருந்தது. 2005ஆம் ஆண்டு அங்கீகரிக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, கொழும்பை அண்டிய பெரிய வைத்தியசாலைகளில் குவிந்திருந்த சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல வழிவகுத்தது. அது நன்மையே. நோயாளர் தம் ஊரில், தம் உறவுகளுடன் வாழ்வதே மனித மாண்புக்கு ஏற்றது. ஆனால் நோயாளர் வீடு திரும்பும்போது, இருபத்து நான்கு மணி நேரப் பணியும் வீட்டுக்குத் திரும்புகின்றது. வைத்தியசாலையில் தாதியர் மூன்று முறைமாற்றங்களில் செய்த பணியை வீட்டில் ஒரு தாயோ, மனைவியோ, மணமாகாத சகோதரியோ முறைமாற்றம் ஏதுமின்றிச் செய்கின்றார்.

என் பெரியம்மா அவ்வாறு செய்தவர். அவருடைய மூத்த மகன் உயர்தரப் பரீட்சை முடித்திருந்த காலத்தில் நோயுற்றார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, செம்மணி வீதியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி அச்சனநெரிசலில் பெரியம்மா அவரை அழைத்துச் சென்றார். சனத்திரளைக் கண்டு அஞ்சிய மகன் ஓடிவிடாதிருக்கத் தம் சேலைத் தலைப்பை அவர் மணிக்கட்டில் முடிந்திருந்தார். மறு கையில் மருந்துப் பை. அதில் ஐந்து நாட்களுக்கான மருந்தே இருந்தது என்று பின்னர் கூறினார். நான் அவர்களுக்குச் சற்று முன்னால், என் பிள்ளைகளைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு நடந்தேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நிற்கவில்லை. அந்த இரவில் எவரும் எவருக்காகவும் நிற்க இயலவில்லை என்பது உண்மையே. ஆனால் அதற்குப் பின்வந்த அமைதியான ஆண்டுகளிலும் நான் நிற்கவில்லை. நத்தாருக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் பலகாரம் கொண்டுசென்று வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

பெரியம்மா காலில் ஆறாத புண்ணுடன் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டபோதுதான் அவருக்கு நீண்ட காலமாக நீரிழிவு இருந்திருப்பது தெரியவந்தது. அவர் மீண்டு வரவில்லை. வீட்டைத் துப்புரவு செய்தபோது அலுமாரியில் மகனுடைய கிளினிக் கொப்பிகள் அனைத்தும் ஆண்டுவாரியாக அடுக்கி, றப்பர் பட்டியிட்டுக் கட்டப்பட்டிருந்தன. ஒரு மாதமேனும் தவறவில்லை. பெரியம்மாவின் பெயரில் ஒரு கொப்பியும் இருக்கவில்லை. மாதத்துக்கு ஒருநாள் மகனை அழைத்துச் சென்றவர், தமக்கென இன்னொரு நாள் அதே வாசலை மிதிக்க முடியாதிருந்தார். அந்நாளில் மகனுடன் இருக்க ஒருவர் முன்வந்திருந்தால் அது நடந்திருக்கும். நான் இரண்டு மைல் தொலைவில் வசித்தேன்.

ஆகவேதான் நல்வாழ்வு நாள் என்னும் எண்ணத்தை நான் முழுமனதுடன் வரவேற்கிறேன். குருதி அழுத்தத்தையும் சீனியையும் பரிசோதிக்கும் அந்தச் சிறிய மேசையை அந்நாளின் மிகமுக்கிய இடமாகக் கருதுகிறேன். ஆனால் பராமரிப்பவர் அந்த மேசை வரை வந்துசேர வேண்டும்.

வந்துசேர விடாமல் தடுப்பது நேரமின்மை மாத்திரமன்று. எமது வாயும் தடுக்கின்றது. "பரம்பரையிலை இருக்காம்" என்னும் ஒற்றைச் சொல்லால் ஒரு வீட்டின் பெண்பிள்ளைகளுக்கு வரும் திருமணப் பேச்சுகள் நின்றுபோவதை நாம் அறிவோம். அதனால் பெற்றோர் நோயை மறைக்கின்றனர். சிகிச்சையும் அதனுடன் பிந்துகின்றது. "யார் செய்த பாவம்?" என்று பிறவிக் குருடரைப் பற்றிச் சீடர்கள் கேட்ட கேள்வியை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்திலேயே ஆண்டவர் தள்ளிவிட்டார். இருப்பினும் செய்வினை, சாபம், முன்னோர் குற்றம் எனப் பெயரை மாற்றி அதே கேள்வியை நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இயேசுவையே அவருடைய உறவினர் மதிமயங்கியவர் என எண்ணிப் பிடித்துச்செல்ல வந்தார்கள் என்று மாற்கு எழுதிவைத்திருக்கிறார் என்பதையாவது நாம் நினைவிற்கொள்ளலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டியுள்ளது. குணமளிக்கும் செப வழிபாடுகளுக்குச் சென்றுவந்த பின்னர், நம்பிக்கையின் அடையாளமாக மருந்தை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. சில வாரங்கள் நலமாகத் தோன்றும். பின்னர் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். அந்தச் சுமையும் பராமரிப்பவரின் தோளிலேயே விழும்; அத்துடன் "உனக்கு விசுவாசம் போதாது" என்ற பழியும் சேரும். இது திருச்சபையின் போதனையன்று. பேயோட்டும் சடங்கைப் பற்றிப் பேசும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1673ஆம் எண்ணில், உளநோய் என்பது முற்றிலும் வேறானது எனவும், அதைப் பராமரிப்பது மருத்துவ அறிவியலுக்கு உரியது எனவும் தெளிவுபடுத்துகின்றது. செபியுங்கள், மருந்தையும் கொடுங்கள். மருந்தில் ஐயம் இருப்பின் வைத்தியரிடம் கேளுங்கள். நள்ளிரவில் என்ன செய்வதெனத் தெரியாது தவிக்கும் வேளையில் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு.

இத்துன்பம் புனிதர்களின் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. சிறுமலர் புனித தெரேசாவின் தந்தையான லூயி மார்ட்டின் தம் முதுமையில் மூளையைத் தாக்கிய நோயினால் நினைவு தடுமாறினார். வீட்டைவிட்டு வெளியேறி நாட்கணக்கில் காணாமற்போனார். 1889 பெப்ரவரியில் கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் துறவு மடம் புகுந்ததால்தான், குறிப்பாக இளையவள் தெரேசா சென்றதால்தான், தந்தையின் மதி கலங்கியது என்று லிசியே நகரில் பேசிக்கொண்டார்கள். எம்மூர்ப் பேச்சுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. மடத்துக்குள் இருந்த தெரேசாவை நாம் அறிவோம். வெளியே இருந்தவர் செலின். தந்தை மருத்துவமனை சென்றபோது அவருக்கு வயது 19. தாமும் துறவறத்தை விரும்பியிருந்தும், சகோதரி லெயோனியுடன் தந்தையின் அருகில் இருந்தார். 1892இல் கால்கள் செயலிழந்த நிலையில் தந்தை வீடு திரும்பியபின் 1894 ஜூலையில் அவர் இறக்கும் வரை பராமரித்தார். அதன் பின்னரே அவ்வாண்டு செப்டெம்பரில் கார்மேல் மடம் சேர்ந்தார். மாமனார் இசிதோர் கெரேனின் குடும்பம் அருகிலிருந்து தாங்கியது. 2015 ஒக்டோபரில் லூயியும் அவர் மனைவி செலியும் புனிதர்களாக உயர்த்தப்பட்டபோது, மனநோய் மருத்துவமனையில் மூன்றாண்டுகள் இருந்த ஒரு மனிதரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

குடும்பத்தைத் தாண்டி ஓர் ஊரே இப்பணியைத் தோளேற்ற முடியுமா என்று கேட்பீர்கள். பெல்ஜியம் நாட்டில் கேல் என்றொரு சிறுநகர் உண்டு. அங்கு உளநோயுற்றோரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் திருத்தலம் இருக்கின்றது. நடுக்காலத்தில் குணம் வேண்டி வந்த நோயாளரின் தொகை ஆலயத்தின் இடவசதியை மிஞ்சியபோது, ஊர்மக்கள் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்தார்கள். விருந்தாளிகளாக வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில், சிலர் வாழ்நாள் முழுவதும், அக்குடும்பங்களுடனேயே தங்கினர். வயலிலும் அடுக்களையிலும் கைகொடுத்தனர். 1930களில் அந்நகர் 3,000இற்கும் மேற்பட்ட நோயாளரைத் தன் வீடுகளில் வைத்திருந்தது. தொகை மிகக் குறைந்துவிட்டபோதிலும் இம்மரபு அற்றுப்போகவில்லை. 2023இல் யுனெஸ்கோ அதைச் சிறந்த பேணல் நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. நாம் அயலவரை வீட்டுக்குள் அழைக்கும்படி யாரும் கேட்கவில்லை. அயலவரின் வீட்டுக்குச் சென்று மூன்று மணி நேரம் அமர்ந்திருக்கும்படியே கேட்கப்படுகிறோம்.

எமது பங்கின் கதைக்கு மீண்டும் வருகிறேன். அந்தச் சகோதரியின் கேள்விக்குப் பின்னர் நிகழ்வை ஒரு மாதம் பிற்போட வேண்டியதாயிற்று. பிற்போட்டதை விரும்பாதவர்களும் இருந்தார்கள். மரியாயின் சேனை அன்னையரும் இளைஞர் ஒன்றியத்தினருமாகப் பதினான்கு பேர் முன்வந்தனர். உளநலப் பிரிவில் பணிபுரியும் தாதி ஒருவர் இரு மாலைப்பொழுதுகள் வந்து அவர்களுக்கு விளக்கமளித்தார். எவ்வாறு பேசுவது, எதைப் பேசாதிருப்பது, நோயாளர் கோபமுற்றால் எங்கு நிற்பது, யாரை அழைப்பது என்பனவே பாடம். அதன்பின் பராமரிப்பவருடன் அவர்கள் இரண்டு முறை அவ்வீடுகளுக்குச் சென்று முகம் பழகிக்கொண்டார்கள். அறியாத முகம் திடீரென வந்து அமர்ந்தால் நோயாளர் அஞ்சுவார் என்று தாதி எச்சரித்திருந்தார். ஏழு வீடுகள் சம்மதித்தன. மூன்று வீடுகள் கதவைத் திறக்கவில்லை. அவர்களை நான் குறைகூற மாட்டேன். இத்தனை ஆண்டுகள் கழித்து நாம் தட்டியவுடன் திறக்க வேண்டுமென எதிர்பார்க்க எமக்கு என்ன உரிமை?

நிகழ்வு நாளில் அந்தச் சகோதரி முழுத் திருப்பலியிலும் இருந்தார். இறுதி ஆசீரையும் பெற்றுக்கொண்டார். பரிசோதனை மேசையில் அவருடைய குருதி அழுத்தம் மிக அதிகமாக இருந்தது; உடனே வைத்தியசாலைக் கடிதம் எழுதப்பட்டது. உளவளத்துணையாளரின் உரை நடந்தபோது அவர் கதிரையில் சாய்ந்து உறங்கிவிட்டார். எழுப்ப முயன்ற ஒருவரைப் பங்குத்தந்தை சைகையால் தடுத்தார். அன்று நிகழ்ந்தவற்றுள் மிகச் சிறந்த பயன் அந்த உறக்கம் என்றே நான் கருதுகிறேன்.

சேர்ந்த பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூழும் கொழுக்கட்டையும் அதிர்ஷ்டலாபச் சீட்டும் ஓரளவு தந்தன. கனடாவிலும் பிரான்சிலும் வாழும் எம்மூரவர் அனுப்பியது அதனிலும் அதிகம். அதனைத் தபாலுறைகளில் இட்டு மேடையில் வழங்கி, பொன்னாடை போர்த்திப் படமெடுக்க வேண்டுமெனச் சிலர் விரும்பினர். நல்ல வேளையாக அது நடைபெறவில்லை. மறைத்து வாழும் ஒரு குடும்பத்தை ஊரறியச் செய்யும் நன்கொடை அவர்களுக்கு உதவியாகாது. கணக்கு ஆலய அறிவித்தலில் மொத்தத் தொகையாக மாத்திரம் வாசிக்கப்பட்டது. பெயர் எதுவும் வாசிக்கப்படவில்லை. அரச வைத்தியசாலையில் மருத்துவம் இலவசம் என்பது உண்மையே. ஆனால் கிளினிக் நாளில் பேருந்தில் அமர மறுக்கும் நோயாளருக்கு ஆட்டோ வேண்டும். உடன் செல்பவரின் அன்றைய கூலி இல்லாமற்போகும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பாடானபோது வெளியில் வாங்க முடியாது மருந்தையே விட்டவர்களும் உண்டு. சேர்ந்த பணம் ஆட்டோச் செலவுக்கும், அவசர மருந்துக்கும், பராமரிப்பவர் தம் சொந்தச் சிகிச்சைக்குச் செல்லும் நாளின் இழந்த கூலிக்கும் என ஒதுக்கப்பட்டது. கோபுரத்துக்கு வர்ணம் பூசும் பணி அவ்வாண்டு பின்தள்ளப்பட்டது. கோபுரம் விழுந்துவிடவில்லை.

ஆனால் பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. அந்தப் பதினான்கு பேரில் ஒன்பது பேர் இன்றும் மாதத்துக்கு இருமுறை அவ்வீடுகளுக்குச் செல்கின்றனர். ஐவர் விலகிவிட்டனர், திருமணம், வெளிநாடு, வேலை எனக் காரணங்கள் உண்டு. நிகழ்வு நாள் மட்டும் நடந்து இந்தப் போக்குவரத்து தொடங்காமல் இருந்திருந்தால், நாம் கூழ் குடித்துக் கலைந்தவர்களாகவே இருந்திருப்போம்.

ஆதலால், உங்கள் பங்கிலும் இத்தகைய நாளொன்றை ஒழுங்குசெய்ய எண்ணுவீர்களாயின், மண்டபத்தையும் பரிசுகளையும் தீர்மானிக்கு முன்னர் எமது சகோதரி கேட்ட கேள்வியை முதலில் எழுப்புங்கள். அதற்கு விடையாக உங்கள் பெயரையே கொடுக்கவும் ஆயத்தமாக இருங்கள். முதன்முறை செல்லும்போது அறிவுரை எதையும் கொண்டுசெல்ல வேண்டாம். நோயாளர் விரும்பாதபோது அவர் தலைமேல் கைவைத்து உரத்துச் செபிக்கவும் வேண்டாம். கரம் விளையாடத் தெரிந்தால் விளையாடுங்கள். தெரியாவிட்டால் பேசாமல் அருகில் இருங்கள். உணவு நேரத்தையும் மருந்து நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பராமரிப்பவர் படலை வரை சென்று இருமுறை திரும்பிப் பார்ப்பார். கையசைத்து அவரை அனுப்பிவையுங்கள்.